மருத்துவர் காதம்பினி அம்மையார்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தை ஒட்டி அமைந்தது ஓசூர் நகரம். சந்திரசூடேசுவரர் மலைக்கோயிலும் ஏரிகளும் தோட்டங்களுமாக விளங்கிய அவ்வூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிற்று. அது முதல் ஆலைகள் பெருகின. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் அவ்வெல்லைப் பகுதியில் வெளியூர் மக்களும் வந்து குடியேறினர். மக்கள் பெருகிய இடத்தில் மருத்துவமனைகளும் பெருகுதல் இயல்பே. ஆலைப் பேருந்துகள் பகற்பொழுதுத் தொழிலாளரை வீட்டிற்கு ஏற்றிச் செல்லும் மாலை நேரத்தில், செவிலியர் பலர் இரவுப் பணிக்காக மருத்துவமனை வாயிலினுள் நுழைவதை அங்கே காணலாம். 2022-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்து வைக்கப் பெற்றது. அக்கல்லூரியில் ஆடவரும் மகளிரும் ஒருங்கே அமர்ந்து மருத்துவம் பயில்கின்றனர். அது கண்டு வியப்பவர் இன்று எவரும் இலர்.

ஆயின், நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர் நம் நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. பெண்ணொருத்தி மருத்துவம் பயில்வது அரிது. பயின்ற பின்னர் அத்தொழிலை மதிப்போடு செய்வது அதனினும் அரிது. கல்லூரியின் கதவு திறந்துவிட்டால் போதும், ஏனைய யாவும் தாமே வந்து எய்தும் என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதனை வங்காளத்து மருத்துவர் காதம்பினி கங்குலி அம்மையாரின் வாழ்க்கை நமக்குத் தெளிவாக்கும்.

காதம்பினி என்னும் வடசொல்லுக்கு மேகக் கூட்டம் என்பது பொருள். அப்பெயர் தாங்கிய அம்மையார் 1861-ஆம் ஆண்டு பீகாரிலுள்ள பாகல்பூரில் பிறந்தார். தந்தையார் பிரஜகிசோர் பாசு அவ்வூர்ப் பள்ளியில் தலைமையாசிரியர். பிரம சமாசக் கொள்கையினர். பெண்கள் எழுத்தறிந்தால் கைம்பெண் ஆவர் என்று மூடநம்பிக்கை நிலவிய அக்காலத்தில், 1863-ஆம் ஆண்டிலேயே பாகல்பூரில் மகளிர் சங்கம் ஒன்று தோன்றுவதற்குத் துணை நின்றவர் அவர். அத்தகைய தந்தையின் மகள் கல்வியில் நாட்டம் கொண்டதில் வியப்பில்லை.

காதம்பினி கல்கத்தா சென்று, பெண்களுக்கென ஏற்பட்ட வங்க மகளிர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே துவாரகநாத கங்குலி என்னும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். பெண்களின் உரிமைக்காகவே இதழ் ஒன்று நடத்தியவர் அவர். சொல்வதோடு நில்லாமல் செய்தும் காட்டும் இயல்பினர். அப்பள்ளி பின்னர்ப் பெதூன் பள்ளியோடு இணைந்தது. கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் நுழைவுத் தேர்வில் பெண்கள் அமர்வதற்கு அதுவரை இடமில்லை. துவாரகநாதரும் அவர் போன்றோரும் இடையறாது முயன்றதன் பயனாக அத்தடை நீங்கியது. 1878-ஆம் ஆண்டு காதம்பினி அத்தேர்வில் தேறினார். முதல் வகுப்பு ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறிற்று.

தேறிய பின்னர் மேலே பயில எங்கே செல்வது? பெண்கள் கல்லூரி வங்காளத்தில் இல்லை. காதம்பினி ஒருவருக்காகவே 1879-ஆம் ஆண்டு பெதூன் பள்ளியில் கல்லூரி வகுப்பைத் தொடங்கினர். ஒரே மாணவியுடன் தொடங்கிய கல்லூரி அது! பின்னர்ச் சந்திரமுகி பாசு என்னும் கிறித்தவ நங்கையும் அவருடன் சேர்ந்தார். 1883-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்விருவரும் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் இளங்கலைப் பட்டம் பெற்றனர். இந்தியாவிலேயே முதன்முதல் பட்டம் பெற்ற மகளிர் அவ்விருவரே ஆவர். பட்டமளிப்பு விழாவில் அவர்களைக் காண மக்கள் திரண்டனர்.

சந்திரமுகி ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். காதம்பினியின் உள்ளமோ மருத்துவத்தை நாடியது. இவ்விடத்து நம் சென்னையின் பெருமை ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்லுதல் இயலாது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குக் கதவு திறந்துவிட்டது. அவ்வாண்டில் மேரி சார்லீப் என்னும் ஆங்கில அம்மையாரும் வேறு மூவரும் அங்கே சேர்ந்து பயின்றனர். ஆடவரிடம் மருத்துவம் பெற மறுத்து வீட்டினுள்ளேயே மாண்டுபோகும் தென்னாட்டுப் பெண்களைக் கண்டு இரங்கியே மேரி சார்லீப் மருத்துவம் பயில முற்பட்டார். சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் பெண்கள் மருத்துவமனை 1885-ஆம் ஆண்டு தோன்றியதற்கும் அவருடைய முயற்சியே காரணமாயிற்று. அந்நாளில் கல்கத்தாவில் இடம் கிடையாமையால், அபலா தாசு என்னும் வங்க நங்கை 1882-ஆம் ஆண்டு மருத்துவம் கற்கச் சென்னைக்கு வந்தார். உடல்நலம் குன்றியமையால் அவர் பட்டம் பெறாமலே திரும்ப நேர்ந்தது. பின்னாளில் அறிவியல் அறிஞர் சகதீச சந்திர போசின் துணைவியாராக விளங்கிய அபலா போசு அம்மையார் அவரே.

காதம்பினி சென்னைக்கு வர எண்ணவில்லை. தாம் பிறந்த மாகாணத்துக் கல்லூரியில் தமக்கு இடம் ஏன் இல்லை என்பதே அவர்தம் வினா. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர்கள் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். உடற்கூறு கற்கும் வகுப்பில் ஆடவருடன் பெண்ணும் அமர்வது முறையன்று என்பதே அவர்கள் காட்டிய காரணம். நோயுற்ற பெண்ணின் உடலை ஆடவர் தொடலாகாது என்று கூறிய அதே ஊர், அவ்வுடலைத் தொட்டு மருந்தளிக்கப் பெண்ணுக்குப் பயிற்சி தரவும் மறுத்தது! முடிவில், வங்காள மாகாணத்தின் துணை ஆளுநர் ரிவர்சு தாம்சன் தலையிட்டார். ஆடவர் மருத்துவரிடம் உடலைக் காட்டுவதினும் சாவதே மேல் என்று எண்ணும் பெண்கள் நிரம்பிய நாட்டில் பெண் மருத்துவர் வேண்டும் என்பது அவர் கருத்து. 1883-ஆம் ஆண்டு சூன் திங்களில் காதம்பினி அக்கல்லூரியில் சேர்ந்தார். திங்கள்தோறும் இருபது ரூபாய் அரசாங்க உதவித் தொகையும் கிடைத்தது.

கல்லூரியில் சேர்ந்த அவ்வாண்டிலேயே அவருக்கும் துவாரகநாதருக்கும் திருமணம் நடைபெற்றது. மணமகன் மனைவியை இழந்தவர், மக்களை உடையவர், மணமகளினும் பதினேழாண்டு மூத்தவர். சீர்திருத்தம் பேசிய நண்பர்கள் சிலரும் அத்திருமணத்திற்கு வரவில்லை. கணவரும் மனைவியும் அதனைப் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. கார்ன்வாலிசு தெருவில் பிரம சமாச மன்றத்திற்கு எதிரே இருந்த ஒரு பெரிய வீட்டில் குடியிருந்தனர். மூத்தாளின் மக்களும், பின்னர்ப் பிறந்த மக்களும், உறவினரும், மாணவரும் கூடி வாழ்ந்த அவ்வீட்டில், குடும்பக் கடமைகளுக்கு இடையே காதம்பினி மருத்துவ நூல்களைப் பயின்றார். பயிலுங் காலத்திலேயே ஒரு குழந்தைக்குத் தாயும் ஆனார். அப்பேற்றின் பொருட்டு அவர் வகுப்புக்குச் செல்லாதிருந்தவை பதின்மூன்று நாள்களே என்பது இங்கிலாந்திலிருந்த புளோரன்சு நைட்டிங்கேல் அம்மையார் வரை எட்டிற்று. 1888-ஆம் ஆண்டில் அவ்வம்மையார் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில் அச்செய்தியைக் குறிப்பிட்டு, இவரைப் பற்றி மேலும் உசாவியுள்ளார்.

படிப்பு முடியும் தறுவாயில் ஓர் இடர் நேர்ந்தது. இறுதித் தேர்வின் பாடங்களுள் ஒன்றில் காதம்பினி தவறினார். பெண்கள் மருத்துவம் கற்பதனை வெளிப்படையாக எதிர்த்து வந்த பேராசிரியர் ஒருவரின் கையிலேயே அம்மதிப்பெண் இருந்தது என்று பலர் எழுதியுள்ளனர். பல்கலைக் கழகத்தின் எம்.பி. பட்டம் அதனால் கைநழுவிற்று. கல்லூரி முதல்வர் கோட்சு என்பவர் நடுநிலையாளர். கல்லூரிக்கு உரிய அதிகாரத்தைக் கொண்டு, 1886-ஆம் ஆண்டில், வங்க மருத்துவக் கல்லூரிப் பட்டதாரி என்னும் தகுதியை அவர் காதம்பினிக்கு வழங்கினார். மருத்துவத் தொழில் செய்ய அது போதியதாயிற்று. ஆயின், எம்.பி. என்னும் இரண்டு எழுத்துக்கள் பெயரின் பின்னே இல்லாத குறையைப் பிறர் அவருக்கு நினைவூட்டிய வண்ணமே இருந்தனர்.

அக்காலத்தில் அரசப் பிரதிநிதியாக இருந்த தப்ரின் பிரபுவின் மனைவியார், இந்தியப் பெண்களுக்குப் பெண்களைக் கொண்டே மருத்துவம் அளிக்கும் நோக்கத்துடன் 1885-ஆம் ஆண்டு நிதி ஒன்றைத் தொடங்கினார். அந்நிதியின் துணையால் நாடெங்கும் பெண்கள் மருத்துவமனைகள் எழுந்தன. நற்பணியே அது, ஐயமில்லை. இருப்பினும், அம்மருத்துவமனைகளின் உயர் பதவிகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்த பெண் மருத்துவர்களுக்கே உரியனவாயின. இந்நாட்டு மகளிர் அவர்களுக்குக் கீழ்ப்பட்ட நிலையிலேயே வைக்கப்பட்டனர். காதம்பினி 1888-ஆம் ஆண்டு கல்கத்தாவின் தப்ரின் அம்மையார் மருத்துவமனையில் பணியேற்றார். சம்பளம் திங்களுக்கு முந்நூறு ரூபாய். அந்நாளில் அது சிறு தொகையன்று. குறைவாக இருந்தது சம்பளம் அன்று. மதிப்பே குறைவாக இருந்தது. அயல்நாட்டுப் பட்டம் இல்லாதவர் என்று காட்டி, நோயாளிகளைத் தனித்து ஏற்று மருத்துவம் செய்யும் பொறுப்பை அவருக்கு அளிக்கத் தயங்கினர். ஆண்டுக் கணக்கில் மருத்துவம் பயின்ற அவரைப் பேறுகாலத்து மருத்துவச்சியைப் போல நடத்தினர். ஆடவர் அவரைப் பெண் என்று தாழ்த்தினர். வெள்ளைக்கார மகளிர் அவரை இந்தியர் என்று தாழ்த்தினர். இரண்டு வாயிலிலும் அவருக்குத் தடை இருந்தது.

மருத்துவமனைக்கு வெளியேயும் அவர் பட்ட அவமதிப்புக் குறைந்ததன்று. ஒரு நாள் செல்வர் வீடு ஒன்றில் பேறுகால வேதனையால் ஒருத்தி துன்புறுவதாக அழைப்பு வந்தது. காதம்பினி துணையாளுடன் சென்று, நெடுநேரம் உழைத்துத் தாயையும் சேயையும் காப்பாற்றினார். வீட்டார் மகிழ்ந்தனர், உணவும் இட்டனர். எங்கே இட்டனர்? வேலையாட்கள் உண்ணும் வெளித் தாழ்வாரத்தில் இலை போடப்பட்டது. உண்ட பின்னர், எச்சில் எடுத்து அவ்விடத்தைத் துப்புரவு செய்துவிட்டுச் செல்லுமாறும் சொல்லினர். அவர்களுக்கு மருத்துவச்சி என்பவள் தீண்டத்தகாத ஒரு வேலைக்காரி. காதம்பினியும் அவர்கள் கண்ணுக்கு ஒரு மருத்துவச்சியே. அக்குடும்பத்தில் பேரர்முறையினர் ஒருவர் எழுதிய நினைவு நூலில் இந்நிகழ்ச்சி இடம் பெற்றுள்ளது. இங்கே ஒன்று எண்ணிப் பார்த்தல் தகும். மருத்துவரை மருத்துவச்சியாக மதித்தது பிழை என்று நாம் வருந்துகிறோம். மருத்துவச்சியை அவ்வாறு நடத்துவது மட்டும் சரியோ? பட்டம் பெற்ற காதம்பினிக்கு ஒரு நாள் நேர்ந்தது, பட்டம் இல்லாத எண்ணற்ற மருத்துவச்சியருக்கும் ஆயாக்களுக்கும் நாள்தோறும் நேர்ந்ததன்றோ?

இவற்றினும் கொடியது 1891-ஆம் ஆண்டு நிகழ்ந்தது. கல்கத்தாவில் வங்கவாசி என்னும் இதழ் பழைமையாளரிடையே பெருஞ் செல்வாக்குப் பெற்றிருந்தது. படித்த பெண்களை எள்ளுதல் அதன் வழக்கம். கணவரும் மக்களும் இருக்கும்போது, நள்ளிரவிலும் வண்டியேறிப் பிறர் மனைகளுக்கு மருத்துவம் செய்யச் செல்லும் காதம்பினி அவ்விதழ்க்குக் கண்ணில் விழுந்த துரும்பாக உறுத்தினார். அவரை ஒழுக்கங்கெட்ட பெண் என்னும் பொருள்படக் குறிப்பாக அவ்விதழ் எழுதிற்று. இரவில் அழைத்தால் செல்லாத மருத்துவர் மருத்துவராவரோ? அழைத்த இடத்திற்குச் சென்றதே குற்றமாக்கப்பட்டது.

இத்தகைய பழி வந்தால் பெண்கள் அடங்கி வீட்டினுள் இருப்பதே அக்கால வழக்கம். வழக்காடினால் பெயர் மேலும் கெடும் என்பர் உற்றார். இன்றும் அவ்வாறு சொல்வோர் உண்டு. காதம்பினியும் அவர் கணவரும் அதற்கு இணங்கவில்லை. சிவநாத சாத்திரியார், மருத்துவர் நீலரத்தின சர்க்கார் முதலிய நண்பர்கள் துணை நின்றனர். இதழாசிரியர் மகேசசந்திர பாலர் மீது வழக்குத் தொடரப்பட்டது. வழக்கு மன்றம் அவருக்கு நூறு ரூபாய் ஒறுப்புக் கட்டணமும் ஆறு திங்கள் சிறையும் விதித்தது. தொழில் செய்யும் ஒரு பெண், தன் தொழிலை முன்னிட்டு இழிவுபடுத்தியவரை நீதிமன்றத்தில் நிறுத்தி வென்றது அந்நாளில் அரிதினும் அரிய செயலாகும்.

வழக்கில் வென்றதனால் மருத்துவமனையில் நிலைமை மாறிவிடவில்லை. தகுதி போதாது என்பவர் வாயை அடைக்கத் தகுதியைத்தான் காட்டுதல் வேண்டும் என்று காதம்பினி துணிந்தார். முப்பது வயது கடந்தவர். பல குழந்தைகளின் தாய். கடைக்குட்டியோ பால்குடி மாறாப் பருவத்தது. குழந்தைகளை வீட்டாரிடம் ஒப்புவித்து, 1893-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கப்பலேறினார். கடல் கடத்தல் பாவம் என்று கருதப்பட்ட காலம் அது. அதிலும் கணவர் துணையின்றிப் பெண் செல்வது எண்ணுதற்கும் அரியது. எடின்பரோ நகரத்தை அடைந்து பயின்று, எடின்பரோவின் மருத்துவக் கல்லூரி, அறுவை மருத்துவக் கல்லூரி, கிளாசுகோ மருத்துவர் சங்கம் ஆகிய மூன்று அமைப்புகளும் சேர்ந்து வழங்கும் மூவகைத் தகுதியை அவ்வாண்டிலேயே பெற்றார். திரும்பி வந்தபோது கைக்குழந்தை தாயை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று அக்குடும்பத்தார் சொல்வதுண்டு. அவர் பெற்ற மூன்று தகுதிகளோடு சேர்த்து, அவற்றிற்காக அவர் கொடுத்த இவ்விலையையும் நாம் நினைத்தல் வேண்டும். அவரை ஒத்த ஆடவர் மருத்துவருக்கு இவ்விலையைக் கொடுக்கும் தேவை நேரவில்லை.

திரும்பி வந்த பின்னர்ச் சிறிது காலம் மருத்துவமனையில் பணி செய்தார். பின்னர் அதனை விடுத்துத் தனியாகவே தொழில் நடத்தினார். புகழ் பரவிற்று. நேபாள அரண்மனையிலிருந்தும் அழைப்பு வந்தது. நோயுற்றிருந்த அரச மாதா அவர் மருத்துவத்தால் நலம் பெற்றார். அதற்கு நன்றியாகப் பொருள்களுடன் மட்டக் குதிரை ஒன்றும் பரிசாகக் கிடைத்தது. அக்குதிரை பூட்டிய வண்டியிலேயே அவர் கல்கத்தாத் தெருக்களில் நோயாளிகளைக் காணச் செல்வார். வண்டி செல்லும்பொழுதும் அவர் கை சும்மா இராது. மெல்லிய நூலால் அழகிய பின்னல் வேலை செய்து கொண்டே செல்வார். அறுவைக் கத்தி பிடித்த விரல்களே ஊசியையும் பிடித்தன.

காதம்பினிக்குத் துணைவர் இருந்தார், நண்பர்கள் இருந்தனர், வழக்குத் தொடரப் பொருளும் இருந்தது. இவையெல்லாம் இல்லாதவர் என் செய்தனர்? அதே வங்காளத்தில் ஐமாவதி சென் என்னும் அம்மையார் வாழ்ந்தார். ஒன்பது வயதில் மணமுடிக்கப்பட்டு ஓராண்டில் கைம்பெண்ணானவர். பின்னர் மறுமணம் செய்துகொண்டு, கல்கத்தாவின் காம்பெல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1894-ஆம் ஆண்டு தேர்வில் ஆடவரையும் விஞ்சி முதல் இடம் பெற்றார். பொற்பதக்கம் அவருக்கே உரியது. பெண்ணுக்குப் பொற்பதக்கமா என்று ஆண் மாணவர்கள் கிளர்ச்சி செய்தனர். கலகத்தைத் தணிக்கும் பொருட்டு வெள்ளிப் பதக்கத்தோடும் உதவித் தொகையோடும் அவர் அமைய நேர்ந்தது. பின்னர் ஊக்ளியில் பெண்கள் மருத்துவமனையில் நெடுங்காலம் பணி செய்தார். குறைந்த சம்பளத்தையும், மேலதிகாரிகளின் கடுமையையும், பெண் என்பதால் தம்மிடம் முறைகேடாக நடக்க முயன்ற மேலோர் தந்த தொல்லையையும் அவர் தம் வரலாற்று நூலில் மறைக்காமல் எழுதி வைத்தார். அந்நூல் அவர் வாழ்ந்த காலத்தில் வெளிவரவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பாக 2000-ஆம் ஆண்டிலேயே உலகம் அதனைக் கண்டது. அவ்வளவு காலம் அம்முறையீடு தாளிலேயே உறங்கிற்று.

அந்நாளில் முறையிடச் சட்டம் இல்லை. பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமைகளைத் தடுக்க நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் வகுத்தது 1997-ஆம் ஆண்டில். அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது 2013-ஆம் ஆண்டில். பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் எந்த நிலையத்திலும், மருத்துவமனையாயினும் ஆலையாயினும், முறையீட்டைக் கேட்கக் குழு ஒன்று அமைத்தல் வேண்டும் என்றும், அக்குழுவிற்குப் பெண்ணொருவரே தலைமை தாங்குதல் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. சட்டம் வந்தும் கொடுமை ஒழிந்துவிடவில்லை. காதம்பினி வாழ்ந்த அதே நகரத்தில், 2024-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், அரசு மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நாடெங்கும் மருத்துவர்கள் வீதிக்கு வந்தனர். மருத்துவப் பணியாளரின் பாதுகாப்பை ஆராய உச்ச நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்தது. நெடிய இரவு முழுதும் விழித்திருந்து பிறரைக் காக்கும் பெண்ணுக்குச் சற்றே இளைப்பாறப் பூட்டுள்ள ஓர் அறை உண்டா என்னும் எளிய வினா, நூற்று முப்பது ஆண்டுகட்குப் பின்னரும் கேட்கப்பட வேண்டியதாயிற்று.

காதம்பினியின் பொதுப்பணி பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். 1889-ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்குப் பேராளராகச் சென்ற முதற்பெண்டிருள் அவர் ஒருவர். அடுத்த ஆண்டு கல்கத்தா மாநாட்டில் நன்றி கூறும் தீர்மானத்தை மேடையேறி மொழிந்தார். காங்கிரசு மேடையில் பேசிய முதற் பெண்மணி அவரே என்பர். தென்னாப்பிரிக்காவின் டிரான்சுவாலில் காந்தியடிகள் அறப்போர் நடத்தியபோது, 1908-ஆம் ஆண்டில், அங்குள்ள இந்தியருக்கு ஆதரவாகக் கல்கத்தாவில் கூட்டம் கூட்டி நிதி திரட்டினார்.

துவாரகநாதர் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு நேரிற் சென்று, அங்கே கூலிகள் அடிமைகளாக நடத்தப்படுவதை வெளியிட்டவர். காதம்பினியும் அத்துறையில் கருத்துடையவராகவே இருந்தார். 1922-ஆம் ஆண்டு பீகார், ஒரிசாப் பகுதிகளின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்யும் பெண்களின் நிலையை ஆராய்வதற்கு அவரும் கவிஞர் காமினி ராய் அம்மையாரும் சென்றனர். அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். தம்மைப் போன்று படித்த பெண்களின் துன்பத்தை மட்டுமே கருதியவர் ஆயின், சுரங்கத்தின் வாயிலுக்கு அம்முதுமையில் அவர் செல்ல வேண்டியதில்லை.

கணவர் 1898-ஆம் ஆண்டு சூன் திங்களில் மறைந்தார். அன்று பிற்பகலே ஒரு வீட்டிலிருந்து பேறுகாலத்திற்கு அழைப்பு வந்தது. உறவினர் திகைத்து நின்றனர். காதம்பினி தம் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். போன உயிரை மீட்க இயலாது, வரும் உயிரையேனும் காக்கலாம் என்பது அவர் கூறிய விடையாம். ஊரார் அதனைக் கடுமை என்றனர். அன்று அக்குழந்தையைப் பெற்ற தாய் அவ்வாறு எண்ணியிருக்க மாட்டாள்.

அதன் பின்னரும் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் ஓய்வின்றி உழைத்தார். மூத்தாளின் மகள் விதுமுகியை மணந்த உபேந்திரகிசோர் ராய் சவுதரி குழந்தை இலக்கியம் படைத்த பெரியவர். அவர் வழியில் வந்தவரே திரைப்படக் கலைஞர் சத்யசித் ராய். காதம்பினியின் மகள் சோதிர்மயி விடுதலைப் போரில் ஈடுபட்டார்.

1923-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் மூன்றாம் நாள் காலையில் காதம்பினி அம்மையார் ஒரு நோயாளிக்கு அறுவை மருத்துவம் செய்துவிட்டு வீடு திரும்பினார். வேலை நன்றாக முடிந்த மகிழ்ச்சியில் இருந்தார் என்பர். சிறிது நேரத்தில் உடல் தளர்ந்தது. அன்றே உயிர் பிரிந்தது. அவருடைய கைப்பையில் அன்று காலை பெற்ற மருத்துவக் கட்டணம் ஐம்பது ரூபாய் இருந்ததாம். இறுதிச் சடங்கிற்கு அத்தொகையையே பயன்படுத்தினர்.